பிடிபி-8 நகலுடன் ஐந்து வருடம்

என் மேஜையின் இடது ஓரத்தில் 'பிடிபி-8/ஐ' என்ற பழைய காலத்துக் கணினி ஒன்று நிற்கிறது. 1968-இல் வந்த அசல் அல்ல. விளக்குகளும் சுவிட்சுகளும் நிறைந்த அசலின் முகப்பை மூன்றில் இரண்டு பங்கு அளவில் செய்து, பின்னால் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்றைப் பொருத்திக்கொள்ளும் பைடிபி-8 கிட். ஆஸ்கர் வெர்மூலன் உருவாக்கியது. உள்ளே ஓடுவது பாப் சப்னிக் எழுதத் தொடங்கிய சிம்ஹெச் சிமுலேட்டர், அதாவது பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள். ஐந்து வருடமாகப் புழங்குகிறேன். இன்னமும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் அதன் முன்னால் உட்காராமல் இருக்க முடிவதில்லை.

கிட்டாக வருவதால் நாமேதான் சாலிடர் செய்ய வேண்டும். 89 எல்இடி, 26 சுவிட்ச். எனக்கு இரண்டு வார இறுதிகள் ஆயின. எல்இடியின் நீளக் கால் எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் பார்த்துப் பார்த்து வைத்தும் மூன்றைத் திருப்பி வைத்துவிட்டேன். அவசரப்படாதீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம் முதல் நிரல். கீபோர்டு கிடையாது, பன்னிரண்டு சுவிட்ச்தான். மூன்று மூன்றாக நிறம் மாற்றி வைத்திருப்பார்கள். ஒரு தொகுதி ஓர் எண்ம இலக்கம், அதாவது பத்துக்குப் பதில் எட்டை அடியாக வைத்து எண்ணும் முறையில் 0 முதல் 7 வரை ஏதாவது ஒன்று. நினைவகத்தில் எந்த இடம் என்று சொல்ல, 0200 என்ற முகவரியை வைத்து 'லோட் அட்ரஸ்' தட்டினேன். 7300 வைத்து, அந்த இடத்தில் எழுத 'டெபாசிட்'. முகவரி தானாக ஒன்று கூடியது. பிறகு 1205, 1206, 3207, 7402. இந்த ஐந்தும் வரிசையாகச் சொல்வது: திரட்டியை (கணக்கு நடக்கும் இடம்) துடை, 0205-இல் உள்ளதைக் கூட்டு, 0206-இல் உள்ளதைக் கூட்டு, விடையை 0207-இல் போடு, நில். அடுத்த இரண்டு இடத்தில் 2, 3. திரும்ப 0200-க்குப் போய் 'ஸ்டார்ட்'. 0207-ஐத் திறந்து பார்த்தபோது நினைவக வரிசையில் கடைசி விளக்கும் அதற்கு இரண்டு தள்ளி ஒரு விளக்கும் எரிந்தன. ஐந்து! பல வருடம் நிரல் எழுதிப் பிழைக்கிறேன், ஒரு கூட்டல் எங்கே நடக்கிறது என்று கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

இந்தக் கணினி பிறந்ததற்கு ஒரு கதை உண்டு. கென் ஓல்சனும் ஹார்லன் ஆண்டர்சனும் 1957-இல் 70,000 டாலர் முதலீட்டோடு மாசசூசெட்ஸ் மேனார்டில் ஒரு பழைய கம்பளி ஆலையில் இடம் பிடித்து டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனைத் தொடங்கினார்கள். சுருக்கமாக டெக். கணினித் தொழிலில் பணம் போட்டவர்கள் கையைச் சுட்டுக்கொண்ட காலம் அது. அதனால் முதலில் மின்சுற்றுப் பலகைகளை விற்றார்கள். கணினி செய்தபோதும் அதற்குக் கணினி என்று பெயர் வைக்காமல் 'புரோகிராம்டு டேட்டா பிராசசர்' என்றார்கள். பிடிபி அதன் சுருக்கம்.

1965-இல் பிடிபி-8 வந்தது. விலை 18,000 டாலர். அதுவரை கணினி என்றால் தனி அறை, குளிர்சாதனம், நிரலைத் துளையிட்ட அட்டைக் கட்டாகக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது. இதையோ ஓர் ஆய்வகம் தனக்கே வாங்கி, பரிசோதனைக் கருவிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். மொத்தக் குடும்பத்திலும் 50,000-க்கு மேல் விற்றது. விலை குறைய, வார்த்தை நீளத்தை, அதாவது ஒரே தடவையில் கையாளும் எண்ணின் அளவை, 12 பிட்டாகச் சுருக்கினார்கள். பலகைகளை இணைக்கப் பின்பக்கம் வயர் சுற்றும் வேலையை இயந்திரத்திடம் விட்டார்கள். அடிப்படைக் கட்டளைகள் எட்டே எட்டு. கழித்தலே கிடையாது, எண்ணை எதிராக மாற்றிக் கூட்ட வேண்டும்.

இந்தச் சிக்கனம் பழகப் பழகப் பிடித்துப்போகிறது. ஆனால் இடிக்கவும் செய்யும். துணைநிரலை (நிரலின் நடுவே அழைத்துவிட்டுத் திரும்பும் சின்ன நிரல்) அழைத்தால், திரும்பிவர வேண்டிய முகவரியை அந்தத் துணைநிரலின் முதல் இடத்திலேயே கணினி எழுதிவிடும். தன்னைத் தானே அழைக்கும் நிரல் ஒன்றை எழுதப் போய், பழைய முகவரி அழிந்து, சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு ராத்திரி முழுக்க ஒவ்வொரு அடியாக ஓட்டிப் பார்த்துத்தான் காரணம் பிடிபட்டது.

நகலின் உண்மையான குறை வேறு. ஒரு மழைக்கால மின்வெட்டில் எஸ்டி கார்டு கெட்டு, எழுதி வைத்ததெல்லாம் போனது. அசலில் 4096 வார்த்தைகள், மொத்தம் 49,152 சின்னக் காந்த வளையங்கள். மின்சாரம் போனாலும் அவற்றில் உள்ளது அப்படியே நிற்கும். இங்கே அடியில் லினக்ஸ் இயங்குதளம் ஓடுவதால் முறையாக அணைத்தே ஆக வேண்டும். வாங்கினால் முதல் நாளே கார்டை நகலெடுத்து வையுங்கள். பெரிய விரல்காரர்களுக்குச் சுவிட்சுகள் கொஞ்சம் நெருக்கமாகவும் இருக்கும்.

டெக் பிறகு பிடிபி-11, வேக்ஸ் என்று வளர்ந்து ஐபிஎம்முக்கு அடுத்த இடம் வரை போய், 1998-இல் காம்பாக் என்ற கணினி நிறுவனத்திடம் விலை போனது. நினைத்தால் மனசு கனக்கிறது.

அக்கா மகன் எட்டாவது படிக்கிறான். முதல் தடவை பார்த்தபோது, "மாமா, இதுல ஸ்கிரீன் எங்க?" என்றான். இப்போது சுவிட்ச் போடுவது அவன்தான். பெருக்கலுக்கும் கட்டளை இல்லாததால், எண்ணின் பிட்டுகளை நகர்த்திக் கூட்டும் ஒரு நிரலை இருவரும் சேர்ந்து எழுதினோம். போன ஞாயிறு 7-ஐயும் 6-ஐயும் கொடுத்து ஓட்டினான். விளக்குகளை இடமிருந்து விரலால் தொட்டுக்கொண்டே போனான்.

"அஞ்சு, ரெண்டு. அம்பத்திரெண்டா? தப்பா வருதே மாமா."

நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் சுவிட்சுகளின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இரு இரு. அஞ்செட்டு நாப்பது, கூட ரெண்டு. சரிதான் மாமா, நாப்பத்திரெண்டு!"