முதுகில் ஊற்றும் உண்ணி மருந்து: இரண்டு மாதம் பார்த்ததில்

போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு மயிலைக் கிடாரி பிடித்து வந்தேன். கூடவே உண்ணியும் வந்துவிட்டது. காது மடல், மடி இடுக்கு, வாலடி எல்லாம் கொத்துக்கொத்தாக. ஏற்கெனவே கொறங்காட்டில் மேயும் மாடுகளுக்கு உண்ணி புதுசில்லை. டெல்டாமெத்ரினைத் தண்ணீரில் கலந்து அடிப்போம், மாடு மிரளும், நமக்குக் கண் எரியும். இந்த முறை கடைக்காரர் ப்ளூமெத்ரின் 1 சதவீத எண்ணெயைக் கொடுத்தார். திமிலிலிருந்து வாலடி வரை முதுகுத்தண்டில் ஊற்றினால் போதும்.

10 கிலோ எடைக்கு 1 மில்லி. மாட்டை எங்கே எடை போடுவது? கால்நடை டாக்டர் ஒரு கணக்குச் சொன்னார்: நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து அதே எண்ணால் பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுக்க வேண்டும். பசுவுக்கு 60, 50 வந்தது. ஏறக்குறைய 270 கிலோ, 27 மில்லி. மூன்றாம் நாள் உண்ணி காய்ந்து உதிர்ந்தது. இதற்கு முழு மார்க்.

ஆனால் மூன்று வாரத்தில் பொடி உண்ணி மறுபடி ஏறியது. மருந்தைத் திட்டிக்கொண்டுதான் டாக்டரிடம் போனேன். தப்பு என் கட்டுத்தரையில். ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்குமாம். வெடிப்பைப் பூசி, சாணிக் குப்பையைத் தள்ளிப் போட்ட பிறகுதான் அடங்கியது.

“இதை ஊற்றினால் எந்த உண்ணிக் காய்ச்சலும் வராதுங்க” என்று கடைக்காரர் சொன்னதை மட்டும் நம்பாதீர்கள். சந்தையில் ஒட்டகம் ஒன்றைப் பார்த்திருந்ததால், உண்ணி மூலம் மனிதருக்கு ஒட்டி உயிரையே பறிக்கக்கூடிய கிரிமியன் காங்கோ காய்ச்சல் பற்றி டாக்டரிடம் கேட்டேன். ஒட்டகம், மாடு, ஆடு எதுவானாலும் அந்த வைரஸ் ஒரு வாரம் போல ரத்தத்தில் இருக்கும், ஆனால் கால்நடை நோய் காட்டாது என்றார். காலில் பட்டை பட்டையாக வளையம் இருக்கும் ஒருவகை உண்ணிதான் பரப்புகிறது. 2011-ல் குஜராத்தில் வந்தபோது வைத்தியம் பார்த்த டாக்டரும் நர்ஸும்கூட இறந்திருக்கிறார்கள். கால்நடைக்குத் தடுப்பூசியும் இல்லை. கடித்தாலும் ஒட்டும், உண்ணியை நசுக்கும்போது அந்த ரத்தம் பட்டாலும் ஒட்டும்.

எங்கள் அப்புச்சியோ உண்ணியைப் பிடுங்கிக் கல்லில் வைத்து நகத்தால் நசுக்குபவர். கையுறையும் இடுக்கியும் வாங்கிக் கொடுத்தேன். “எம்பது வருசமா நசுக்கறேன்” என்று முனகிக்கொண்டே மாட்டிக்கொள்கிறார்.

பாட்டிலின் அளவு மூடிதான் சரியில்லை, எண்ணெய் கை முழுக்க ஒழுகுகிறது. நான் ஊசியில்லாத சிரிஞ்சில் அளக்கிறேன்.