பேட்டரி மாற்றும் முன் புளியம்பட்டியில் காட்டிவிட்டு வாருங்கள்

சத்தியமங்கலத்திலிருந்து கோவைக்கு இரவில் வாழைத்தார் ஏற்றிச் செல்லும் டீசல் பிக்கப் வண்டி என்னுடையது. 11 மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றினேன். மூன்றாவதும் இறங்கத் தொடங்கியபோது, பேட்டரி விற்ற கடையில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொன்னார்கள். 9,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

பணத்தைக் கட்டுமுன், வழியில் புளியம்பட்டியில் சாலையோரத் தகரக் கொட்டகையில் ஆட்டோ எலக்ட்ரிக் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். பெயர்ப்பலகைகூட இல்லாத கடை.

வண்டியை ஸ்டார்ட் செய்யவே அவர் விடவில்லை. "எப்போது நிறுத்தினீர்கள்?" என்று கேட்டார். விடியற்காலை ஐந்து மணி என்றேன். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 12.1 வோல்ட். முழுச் சார்ஜில் ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 காட்ட வேண்டும், இது பாதிச் சார்ஜ்தான். செல்ஃப் அடிக்கும்போது 9.9-க்கு இறங்கியது. 9.6-க்குக் கீழே போயிருந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம், இது தாங்குகிறது என்றார். எஞ்சின் ஓடியதும் 14.0. "இதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் மீட்டரை எடுத்துவிடுகிறார்கள், தம்பி" என்று சொல்லிவிட்டு ஹெட்லைட், வைப்பர், புளோயர் எல்லாவற்றையும் போடச் சொன்னார். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பிடித்தேன். பேட்டரியில் 13.1-க்கு வந்துவிட்டது. ஆல்டர்னேட்டரின் பின்பக்க போல்ட்டில் அதே நேரம் 14.4!

அதன் பிறகு அவர் செய்ததை வேறெந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. முனையில் முதலைக் கிளிப் வைத்த நீளமான ஒயரை எடுத்து, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் கொடுத்தார். 1.22 வோல்ட். ஆல்டர்னேட்டர் உடலுக்கும் நெகட்டிவுக்கும் இடையே வெறும் 0.08. நல்ல ஒயரில் 0.2-க்கு மேல் இழப்பு இருக்கக் கூடாதாம். ஆல்டர்னேட்டர் கொடுக்கிறது, வழியில் எங்கோ தின்றுவிடுகிறது. மின்னோட்டம் கூடினால்தான் இந்த இழப்பும் கூடும் என்பதால் விளக்கு போடாமல் பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை. டாஷ்போர்டில் சார்ஜ் கோளாறைக் காட்டும் விளக்கும் எரியவில்லை. இரவெல்லாம் ஹெட்லைட்டோடு ஓடுகிற எனக்கு மட்டும் பேட்டரி நிரம்பவே இல்லை.

எஞ்சினை நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, அந்த பாசிட்டிவ் ஒயரைத் தடவிக்கொண்டே போனார். ஃபியூஸ் பெட்டிப் பக்கம் ஒயரின் லக் (முனையில் பொருத்தும் உலோக வளையம்) சுட்டது. மேலுறை பழுப்பேறியிருந்தது. பிளேடால் கீறித் திறந்தால், செம்புக் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு; பல இழைகள் விரல் பட்டதும் பொடிந்து உதிர்ந்தன. இதற்காகவா இரண்டு பேட்டரி வாங்கினேன் என்று வயிறு எரிந்தது.

ஒயரைச் சுத்தமான இடம்வரை வெட்டி, புது லக் நசுக்கிப் பொருத்தி, ஈயம் வைத்தார். திரும்ப அளந்தபோது எல்லா விளக்கும் எரிய, பேட்டரியில் 14.2. ஆல்டர்னேட்டருக்குள் ஏசியை டிசியாக்கும் டயோடு சரியாக இருக்கிறதா என்று மீட்டரை ஏசி அளவில் வைத்துப் பார்த்தார், 0.04 வோல்ட்தான், பழுதில்லை. நிறுத்திய வண்டியில் பேட்டரியிலிருந்து கசியும் மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியர், அதுவும் இயல்பே. ஒன்றரை மணி நேரம், 450 ரூபாய்.

குறையும் உண்டு. ரசீது தருவதில்லை, அளவுகளை நான்தான் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். பேட்டரிக்குச் சுமை கொடுத்துச் சோதிக்கும் லோடு டெஸ்டர் அவரிடம் இல்லை. சந்தை நாளில் போனால் வெயிலில் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும்.

ஆனால் எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி "டைனமோ (ஆல்டர்னேட்டர்) வேலை செய்கிறதா பார்" என்று காட்டும் வழக்கம் அவரிடம் அறவே இல்லை. முன்பு ஒருவர் என் வண்டியில் அப்படிச் செய்தார். அந்த நொடியில் மின்னழுத்தம் எகிறி, அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் வண்டியின் கணினிப் பெட்டியும் எரிந்துபோகலாம். உங்கள் வண்டியில் யாராவது அதற்குக் கை வைத்தால் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

இவரிடம் போவதென்றால் காலையில், வண்டியைச் சில மணி நேரம் நிறுத்திவைத்த பிறகு போங்கள். ஓட்டிவந்த சூட்டில் அளந்தால் முதல் அளவு பொய் சொல்லும். ஓட்டிவந்தபடியே போக நேர்ந்தால், எஞ்சினை நிறுத்தியபின் ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளக்கச் சொல்லுங்கள்.