கண்டிப்பு ஒன்றுதான், காரணம் சொல்கிறோமா?

அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960-களில் பிள்ளை வளர்ப்பு முறைகளை வகைப்படுத்தினார். அவற்றில் இரண்டு முறைகளில் கண்டிப்பு உண்டு.

"சொன்னா கேளு, எதிர்த்துப் பேசாதே" என்பது அதிகார வளர்ப்பு. பிள்ளை அப்போதைக்கு அடங்கிவிடும். ஆனால் கை தவறிக் கண்ணாடி டம்ளர் உடைந்தால், திட்டுக்குப் பயந்து முதலில் துண்டுகளை ஒளித்துவைக்கத்தான் பார்க்கும்.

மற்றதில் விதி தளராது, காரணமும் சொல்லப்படும். "ஒன்பது மணிக்கு போனை வைத்துவிடு, தூக்கம் கெட்டால் நாளைக்கு வகுப்பில் கண் சொக்கும்." அழுதாலும் ஒன்பது ஒன்பதுதான். இப்படி வளரும் பிள்ளைகளிடம் தன்னம்பிக்கையும் சுயக்கட்டுப்பாடும் கூடுதலாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. நான் இந்தப் பக்கம்தான்.

களைத்துப்போன நாளில் விளக்கம் சொல்லப் பொறுமை இருக்காது, சரி. அன்றைக்கு "இப்போ செய், காரணத்தைக் காலையில் பேசலாம்" என்று சொல்லி, மறக்காமல் பேசிவிட்டால் போதும்.