பொம்மைக்கு ஒரு பாறை: நுரைப் பலகையா, பிளாஸ்டரா, களிமண்ணா?

வாளேந்திய வீரன் ஒருவன். நிஜ ஆளில் பன்னிரண்டில் ஒரு பங்கு (1/12) அளவுப் பொம்மை, உயரம் 15 சென்டிமீட்டர். பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் வட்டத்தின் மேல் நிறுத்தினால், போருக்குப் போகிறவன் மாதிரியே இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல இருந்தான். சரி, இடிந்த கோட்டைச் சுவர் ஒன்றும் கொஞ்சம் பாறையும் கட்டிக் கொடுப்போம் என்று இறங்கினேன். ஒரே பீடத்தை மூன்று தடவை, மூன்று பொருளில் செய்தேன். மூன்றாவதாகச் செய்த நுரைப் பலகைப் பீடம்தான் இப்போது அலமாரியில் இருக்கிறது. (சேகரிப்பவர்கள் 'ஃபிகர்' என்பார்கள். தமிழில் அப்படி எழுதினால் கதை வேறு பக்கம் போய்விடும். பொம்மை என்றே வைத்துக்கொள்கிறேன்.)

எது அழகாக இருக்கும் என்பதில் பெரிய போட்டி இல்லை. கருப்பு அடித்து, மேலே சாம்பல் நிறத்தைக் காய்ந்த பிரஷ்ஷால் உரசி, இடுக்குகளில் தண்ணீராய்க் கரைத்த பழுப்பை ஓடவிட்டால் மூன்றும் ஒரே பாறைதான். எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம்: வேலை முடிந்த பிறகு அதில் மறுபடி கை வைக்க முடியுமா? பொம்மையின் நிலையை மாற்றத் தோன்றும், பக்கத்தில் இன்னொன்று வந்து சேரும், கை தவறி ஏதாவது விழும். பீடம் செய்ய ஒரு வாரம் போதும். அதோடு வருடக்கணக்கில் குடித்தனம் நடத்த வேண்டும்.

முதலில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரியில் சுட்டு அதன் நீரில் முக்கால் பங்கை விரட்டிய பொடி அது. தண்ணீர் சேர்த்ததும் மறுபடி ஜிப்சமாகிறது, அப்போது கை வைத்தால் சூடு தெரியும். சுருங்காது என்பது பெரிய வசதி, சொல்லப்போனால் துளி விரியவே செய்யும். அச்சில் ஊற்றினால் பாறையின் சின்னக் கீறல்கூட அப்படியே வரும். முதல் பார்வையில் நானும் மயங்கிவிட்டேன்.

பிறகுதான் எடை. 20க்கு 20 சென்டிமீட்டர், 4 சென்டிமீட்டர் தடிமன் என்றால் பிளாஸ்டரில் ஒன்றரை கிலோவைத் தாண்டும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொம்மையின் பாதத்தில் இருந்த துளைக்கு ஏற்ற 3 மில்லிமீட்டர் கம்பியை நட, விளிம்பருகே டிரில் வைத்தேன். கம்பி நிற்க வேண்டிய இடம் ஓர் அப்பளத் துண்டு போலக் கழன்று கையோடு வந்தது. உடைந்த இடம் பளீரென்ற வெள்ளை. கலக்கும்போதே கருப்புப் பொடி சேர்த்திருந்தால் அந்த வெள்ளையாவது தெரிந்திருக்காது. மிச்சமான கலவையைச் சிங்க்கில் கொட்டாதீர்கள், குழாய்க்குள்ளும் அது பாறையாகத்தான் மாறும்.

அடுத்து, காற்றில் காயும் களிமண். கைக்கு இதைப் போல இதமான பொருள் இல்லை. ஈரமாக இருக்கும்போதே பொம்மையை அழுத்தி இரண்டு பாதத் தடங்கள் எடுத்தேன். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால், பூட்ஸின் வரிகள் உட்பட அச்சு அசலாகப் பதிந்தன. மூன்று நாள் கழித்து பொம்மையை நிறுத்தப் போனால் கால் உட்காரவில்லை. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்: இரண்டு தடங்களுக்கும் நடுவே 84 மில்லிமீட்டர் இருந்தது 79 ஆகியிருந்தது. தண்ணீர் போனால் களிமண் சுருங்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ஐந்து மில்லிமீட்டர் என்பது இந்த அளவுப் பொம்மைக்கு ஏறத்தாழ அரை பூட்ஸ் அகலம். நடுவில் ஒரு விரிசல் வேறு. நியாயமாகச் சொன்னால், மெல்லிய பூச்சாகப் பலகை மேல் தடவினால் இவ்வளவு மோசமாகாது, நான் மொத்தமாகக் குவித்தேன். ஒரே ஒரு பீடத்தை வைத்து அந்தப் பொருளையே ஒதுக்குகிறேன் என்றால், ஆமாம், அதுதான் உண்மை.

கார்க் பட்டையையும் சொல்ல வேண்டும். ஒடித்தாலே பாறை அடுக்கு போல இருக்கும். ஒரு சின்னத் துண்டுதான் பயன்படுத்தியிருக்கிறேன். சுவருக்குப் பின்னால் நன்றாகவே இருக்கிறது, ஓரம் மட்டும் உதிர்கிறது.

இனி நுரைப் பலகை. உருண்டை உருண்டையாக உதிரும் தெர்மாகோல் இல்லை. கட்டடங்களில் வெப்பத் தடுப்புக்கு வைக்கிற, அடர்த்தியான எக்ஸ்பிஎஸ் என்ற பாலிஸ்டைரீன் நுரை. மேலே சொன்ன அதே அளவுக்கு எடை ஏறத்தாழ 50 கிராம். ஓரத்தை விரலால் கிள்ளிப் பிய்த்தால் அதுவே பாறை முகம். அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி அழுத்தினால் கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். மை தீர்ந்த பேனாவால் கோடு இழுத்தால் செங்கல் இடைவெளி. கத்தி மட்டும் புதிதாக இருக்க வேண்டும். மழுங்கிய அலகு நுரையை வெட்டாது, பிறாண்டும். சூடான கம்பியால் அறுப்பவர்களும் உண்டு. புகை நல்லதல்ல, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும். நான் கத்தியோடு நிறுத்திக்கொண்டேன்.

இதிலும் அடி வாங்கினேன். இரண்டு பலகைகளை வெள்ளைப் பசை தடவி ஒட்டி, மேலே கனமான பொருளை ஏற்றி மூன்று நாள் விட்டேன். பிரித்தால் விளிம்பு காய்ந்திருந்தது, நடுவில் பசை அப்போதுதான் தடவியது போல ஈரமாக இருந்தது. நுரைக்குள் காற்று போகாது, பிறகு எப்படிக் காயும்? பல் குச்சிகளைக் குத்தி, பசையை மெல்லியதாகப் பரப்பி, பொறுமையாக இருந்ததில் ஒருவழியாக நின்றது. சாதாரண சூப்பர் க்ளூ நுரையை அரித்துவிடும். ஸ்ப்ரே பெயின்டின் கரைப்பானும் அப்படித்தான். அதனால் அக்ரிலிக் கருப்பில் வெள்ளைப் பசை கலந்து இரண்டு பூச்சு பிரஷ்ஷால் அடித்துவிட வேண்டும். இது நுரைக்குத் தோல் மாதிரி, இடையில் பொட்டு இடம்கூட விடக் கூடாது.

நான் விட்டேன். குதிகாலுக்குக் கீழேதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று. ஐந்து மாதம் கழித்துப் பொம்மையைத் தூக்கினால், பாதத்தின் வடிவத்திலேயே பளபளவென்று ஒரு குழி. பொம்மையின் பூட்ஸ் மென்மையான பிவிசி. அதை வளைய வைக்கச் சேர்க்கிற எண்ணெய் போன்ற பொருள் மெல்ல வெளியே கசிந்து பாலிஸ்டைரீனைக் கரைக்கிறது. மின் ஒயரின் பிவிசி உறையை இந்த நுரையோடு ஒட்ட விடக் கூடாது என்று எலக்ட்ரீஷியன்கள் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். இப்போது பூச்சுக்கு மேலே, பாத வடிவில் வெட்டிய மெல்லிய பாலியெஸ்டர் ஃபிலிம் ஒன்றையும் வைத்திருக்கிறேன். வெளியே தெரியவில்லை.

இலகுவாக இருப்பதும் ஒரு குறைதான். வாளை உயர்த்திய பொம்மை சாய்ந்தால் பீடமும் கூடவே சாயும். அடியில் குடைந்து நாலைந்து இரும்பு வாஷர்களைப் புதைத்து, 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒட்டியதும் அசையவில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஏன் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், மேலே சொன்ன எல்லாவற்றையும் பீடத்தை உடைக்காமலே சரிசெய்தேன். அந்தக் குழியில் ஒரு துண்டு நுரையைச் செருகி, சீவி, கருப்படித்தேன். பத்து நிமிடம். பொம்மையையும் பசையால் ஒட்டவில்லை, கம்பியில்தான் நிற்கிறது. நாளைக்கு விற்க நினைத்தால், காலில் பசை ஒட்டிய பொம்மையை யாரும் பாதி விலைக்குக்கூட வாங்க மாட்டார்கள்.

போன மாதம் அவனுக்கு எதிரி ஒருவன் வந்து சேர்ந்தான். இருவருக்கும் இடம் போதவில்லை. கம்பியைப் பிடுங்கி, இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, கையாலேயே குத்தி நட்டேன். பழைய துளையில் இப்போது ஒரு கொத்துப் புல் நிற்கிறது.