பழைய கார் ஏசி கம்ப்ரசர்: புதுசா, ரீகண்டிஷனா?

காரைக்குடிப் பக்கம் சித்திரை வெயிலில் பழைய சான்ட்ரோவோ ஜென்னோ ஓட்டுகிறவர்களுக்கு ஏசி கம்ப்ரசர் போனால் வருகிற குழப்பம் இது. விலையில், பழையதைப் பழுதுபார்த்து விற்கிற ரீகண்டிஷன்தான் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. ஆனால் அதில் சீலும் பேரிங்கும்தான் பெரும்பாலும் மாறியிருக்கும், உள்ளே பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்தது தேய்ந்ததுதான். வாங்குமுன் கம்ப்ரசரின் முன்பக்க கிளட்ச் தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், எங்காவது பிடித்துப் பிடித்து நகர்ந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஏசி அணைத்திருக்கும்போதும் கரகரவென்று சத்தமா? கம்ப்ரசரில் பெல்ட் ஓடுகிற சக்கரத்தின் பேரிங் (புல்லி பேரிங்) மட்டும் போயிருக்கலாம், முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

புதுசு என்றால் நிம்மதி, சரி, ஆனால் கழற்றிய பழையதிலிருந்து ஆயிலைக் கொஞ்சம் வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்க்காமல் மாட்டாதீர்கள். கறுப்பாக, நடுவில் மினுமினுவென்று உலோகத்தூள் தெரிந்தால் அந்தத் தூள் கண்டென்சரிலும் (கேஸின் சூட்டை வெளியே விடுவது) எக்ஸ்பான்ஷன் வால்விலும் (கேஸை அளவாக விடுகிற சின்னத் துளை) போய் அடைத்திருக்கும், அதைச் சுத்தம் செய்யாமலோ மாற்றாமலோ விட்டால் புதுசும் சீக்கிரமே படுத்துவிடும். எதைப் போட்டாலும் ரிசீவர் டிரையர், அதாவது ஈரம் உறிஞ்சுகிற குடுவை, புதிதாகவே வேண்டும், சிஸ்டத்தைத் திறந்ததும் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்புறம் வேக்குவம் போட்டு உள்ளேயுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுத்து, ஆர்134ஏ என்கிற குளிரூட்டும் கேஸை எடை பார்த்து ஏற்றணும், 'கை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருக்கு' கணக்கெல்லாம் வேண்டாம்.

வண்டியை இன்னும் நாலைந்து வருஷம் வைத்திருப்பீர்கள் என்றால் புதுசு. சீக்கிரம் விற்கப்போகிறீர்களா, உள்ளே தூளும் இல்லையா, கேரண்டி எழுதிக் கொடுக்கிற கடையில் ரீகண்டிஷனே போதும்.