கதிர் நாளும் மணி எண்ணிக்கையும்: நெல்லுக்குக் காஸ்ப் மார்க்கர் சோதனை எந்த அளவுக்கு உதவும்?

நெல்லில் கதிர் வரும் நாளைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் பல, விளைச்சலையும் மாற்றுகின்றன. 7ஆம் குரோமோசோமில் உள்ள ஜிஎச்டி7 தெளிவான எடுத்துக்காட்டு. 2008இல் சீனாவின் ஹுவாஜோங் வேளாண் பல்கலைக்கழகக் குழு இதை விவரித்தது. பகல் நீளும் பருவத்தில் இது கதிரைத் தள்ளிப்போடும். பயிர் உயரும், கதிருக்கு மணி கூடும். நாற்றிலேயே இதைப் பார்த்துத் தேர்வு செய்யப் பலர் நாடுவது காஸ்ப் சோதனையை. டிஎன்ஏவின் ஓரிடத்தில் உள்ள மாற்றத்தை ஒளிரும் சாயத்தால் காட்டும் முறை இது; அப்படி அடையாளமாகப் பார்க்கும் இடமே மார்க்கர்.

வேலை செய்யும் விதத்தில் காஸ்ப்புக்கு முழு மதிப்பெண். 96 குழி பிளேட்டில் ஒரு குழிக்கு 5 மைக்ரோலிட்டர் டிஎன்ஏ, 5 மைக்ரோலிட்டர் மாஸ்டர் மிக்ஸ் (நொதியும் சாயமும் அடங்கிய கலவை), 0.14 மைக்ரோலிட்டர் பிரைமர் கலவை (எந்த இடத்தைப் பெருக்குவது எனக் காட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) போதும். டிஎன்ஏவைப் பெருக்க முதலில் 94 டிகிரியில் 15 நிமிடம். பிறகு 94இல் 20 வினாடி, 61இல் தொடங்கிச் சுற்றுக்கு 0.6 டிகிரி குறைத்து 60 வினாடி என 10 சுற்று. கடைசியில் 94இல் 20 வினாடி, 55இல் 60 வினாடி என 26 சுற்று. பிளேட் 40 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகுதான் ஒளியை அளக்க வேண்டும். வரைபடத்தில் ஒவ்வொரு குழியும் ஒரு புள்ளி; ஒரே மரபணு வகையின் புள்ளிகள் ஒரு கூட்டமாகச் சேரும். சூடாக அளந்தால் புள்ளிகள் சிதறும். கூட்டங்கள் சரியாகப் பிரியவில்லையா? 94இல் 20 வினாடி, 57இல் 60 வினாடி என மூன்று சுற்று சேர்த்து மறுபடி அளக்கலாம். சுற்றுகள் அளவுக்கு மீறினால் டிஎன்ஏ இல்லாத குழிகளிலும் ஒளி ஏறி, எல்லாம் கலங்கிவிடும். மரபணுவின் இரு வகையிலும் ஒவ்வொரு பிரதி கொண்ட கலப்புச் செடியின் டிஎன்ஏவைக் கட்டாயம் ஒரு குழியில் வையுங்கள். அது இல்லாத பிளேட்டில் மென்பொருள் கூட்டங்களைத் தவறாகப் பெயரிடலாம்.

சிக்கல் வேதியியலில் இல்லை, எந்த மாற்றத்தைச் சோதிக்கிறோம் என்பதில்தான். ஜென்ஷான் 97 ரகத்தில் ஜிஎச்டி7 முழுவதுமாகவே இல்லை. மரபணுவுக்குள் பிரைமர் அமைத்தால் அந்தச் செடியின் குழி ஒளிராது. டிஎன்ஏ கெட்டுப்போன குழியும் ஒளிராது. இரண்டையும் பிரிக்க, வேறு குரோமோசோமில் எல்லாச் செடியிலும் பெருகும் ஒரு சோதனையை அதே டிஎன்ஏவில் ஓட்ட வேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு: ஒரு பிரதி மட்டும் இழந்த செடி, இரு பிரதியும் உள்ளது போலவே தெரியும்.

கதிர் நாளை மாற்றும் இன்னொரு மரபணுவான, 6ஆம் குரோமோசோமின் எச்டி1 இன்னும் தந்திரமானது. இதைச் செயலிழக்கச் செய்யும் மாற்றங்கள் பல ரகங்களில் பலவிதமாக உள்ளன. ஒரு காஸ்ப் சோதனை ஒன்றை மட்டுமே பார்க்கும். அதில் "நல்லது" என வந்த செடி வேறு இடத்தில் உடைந்திருக்கலாம். ஆகவே பெற்றோர் இரண்டின் எச்டி1 வரிசையையும் முதலில் படித்துவிட்டு, அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டுக்கே பிரைமர் கேளுங்கள். ஆயத்தத் தொகுப்பை அப்படியே வாங்குவது இங்கே வீண்.

கதிர் நாள், மணி எண்ணிக்கை ஆகிய பண்புகள் சேர்ந்து வருவதற்குக் காரணம் ஒரே மரபணுவா, அருகருகே இருக்கும் இரண்டா? ஒரே சோதனையால் இதற்குப் பதில் கிடைக்காது. இருபுறமும் மார்க்கர் வைத்து, குறுக்கேற்றம் (இணைக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) நடந்த செடிகளைத் தேட வேண்டும். இடைவெளி 1 சென்டிமார்கன் (நூற்றில் ஒரு குறுக்கேற்றம் நடக்கும் தூரம்) என்றால், பின்கலப்பில் (கலப்புச் செடியை மறுபடி ஒரு பெற்றோருடன் சேர்ப்பதில்) ஏறத்தாழ 300 செடிகளைச் சோதித்தால்தான் ஒன்றாவது கிடைக்க 95 சதவீத வாய்ப்பு. அப்படிப் பிரிந்த செடியின் சந்ததியில் கதிர் நாள் மாறியும் மணி எண்ணிக்கை மாறாமல் இருந்தால், அது அருகருகே உள்ள இரு மரபணுக்களின் இணைப்பு. எத்தனை பிரித்தாலும் இரண்டும் ஒன்றாகவே நகர்ந்தால், ஒரே மரபணுவின் வேலை என்ற முடிவுக்கு வலு கூடும். இந்தத் தேடலில் காஸ்ப்பின் வேகம் பெரும் பலம். நூற்றுக்கணக்கான நாற்றுகளை நடவுக்கு முன்பே சலித்துவிடலாம்.

வயலில் அளக்கும்போது பகல் நீளத்தைக் கட்டாயம் பதியுங்கள். ஜிஎச்டி7 செயல்படும் செடியில் எச்டி1 நீண்ட பகலில் பூப்பைத் தடுக்கும்; குறுகிய பகலில் அதே எச்டி1 பூப்பை முடுக்கும். ஒரே மார்க்கர் முடிவுக்கு இரு பருவத்தில் இரு பொருள் வருவது இதனால்தான்.