250 திர்ஹாமுக்கு உசூட் அருவி: மிச்சக் காசை எங்கே வாங்குகிறார்கள்?

மொராக்கோவின் மராகேஷ் நகரில் ஜெமா எல்-ஃப்னா சதுக்கத்தைச் சுற்றி நடந்தால் பத்தடிக்கு ஒரு பலகை நிற்கும். உசூட் அருவி, ஊரிகா பள்ளத்தாக்கு, அயித் பென்ஹத்து கோட்டை, எஸ்ஸாவிரா கடற்கரை, "ஒரே நாளில் சஹாரா". ஆளுக்கு 200, 250 திர்ஹாம் என்பார்கள். ஒரு யூரோவுக்குப் பத்து, பதினோரு திர்ஹாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உசூட் போக 150 கி.மீ., வர 150 கி.மீ. டீசல், ஓட்டுநர் சம்பளம், சீட்டு விற்றவரின் பங்கு எல்லாம் போக இந்த விலை எப்படிக் கட்டுப்படியாகும்? ஆகாது. அந்த 250 வண்டியில் ஏறுவதற்கு மட்டும்தான். மிச்சத்தை வழியில் நிறுத்தம் நிறுத்தமாக வசூலித்துவிடுவார்கள். பொய் டிக்கெட் கொடுத்து ஏமாற்றுவது குறைவு. உண்மையில் கூட்டிப் போய், உங்கள் நேரத்தையும் பர்ஸையும் கரைப்பதுதான் இங்கே நடைமுறை.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: சீட்டு விற்பவர் வேறு, வண்டி ஓட்டுபவர் வேறு. தங்கும் ரியாத் (பழைய வீட்டை மாற்றிய விடுதி) வரவேற்பில் ஒருவர், சதுக்கத்து மேஜையில் ஒருவர், இணையத்தில் ஒருவர் என்று பல பேர் விற்ற ஆட்களை ஒரே 17 சீட் வேனில் அள்ளிப் போடுகிறார்கள். பக்கத்து சீட்டுக்காரரிடம் விலை கேட்டால் வயிறு எரியும். ஒருவர் 200 கொடுத்திருப்பார், இன்னொருவர் 450. இருவருக்கும் அதே வேன், அதே ஓட்டுநர். "மதியச் சாப்பாடு, கைடு எல்லாம் இதிலேயே அடக்கம்" என்று உங்களிடம் சொன்னது யாரோ, ஓட்டுநருக்கு அது தெரியவே தெரியாது. அவர் கையில் இருப்பது பெயரும் ஆள் எண்ணிக்கையும் மட்டும். உங்களிடம் உள்ள துண்டுச் சீட்டிலும் அவ்வளவுதான் எழுதியிருக்கும்.

அதனால் காசைக் கொடுப்பதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்: வேனை ஓட்டும் நிறுவனம் எது, அதன் தொலைபேசி எண் என்ன, வழியில் எத்தனை நிறுத்தம், போய்ச் சேரும் நேரம், அங்கிருந்து கிளம்பும் நேரம், சாப்பாடும் கைடும் உண்டா, இல்லையென்றால் எவ்வளவு. "ஆமாம், எல்லாம் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்பது பதில் ஆகாது. எழுதித் தர மறுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். சதுக்கத்தில் கடைக்கா பஞ்சம்?

உசூட் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். 7.30க்கு வேன் வரும் என்பார்கள். மதீனா என்னும் பழைய நகரின் சந்துகளுக்குள் வேன் நுழையாது. ஏதோ ஒரு வாசலருகே நிற்கச் சொல்லி, மற்ற விடுதிகளில் ஆள் ஏற்றி, ஊரைவிட்டுக் கிளம்பும்போது 8.30 ஆகிவிடும். வழியில் காபிக்கு அரை மணி நேரம். அருவிக்குப் போய்ச் சேர 12 மணியை நெருங்கிவிடும்.

வேன் கதவு திறந்ததும் வாசலிலேயே ஒருவர் நிற்பார். "நான்தான் உங்கள் கைடு. பாதை ஆபத்தானது, கைடு இல்லாமல் போகக் கூடாது. ஆளுக்கு 40." ஓட்டுநரும் தலையாட்டுவார். பதினைந்து பேர் என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு 600 திர்ஹாம். வேனில் வந்த நீங்கள் இதற்குச் சம்மதித்ததாகவே வைத்துக்கொண்டு ஆள் கணக்கு எடுக்கத் தொடங்கிவிடுவார். உண்மை இதுதான்: உசூட் அருவிக்கு நுழைவுச் சீட்டு கிடையாது, கைடு கட்டாயமும் கிடையாது. சுமார் 110 மீட்டர் உயர அருவியின் தலையிலிருந்து அடிவாரம் வரை கடைகளுக்கு நடுவே படிக்கட்டு இறங்குகிறது. வழி தவற வாய்ப்பே இல்லை. மெதுவாக இறங்கினாலும் 20 நிமிடம், ஏற அதைப்போல இரு மடங்கு. பாறைகள் வழுக்கும், செருப்பு வேண்டாம், பிடிமானம் உள்ள ஷூ போதும். "கைடு வேண்டாம், எத்தனை மணிக்கு எங்கே வர வேண்டும்?" என்று ஓட்டுநரிடமே நேராகக் கேளுங்கள். வேனின் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரே மாதிரி வெள்ளை வேன் வரிசையாக நிற்கும்.

கைடோடு போனவர்களை அவர் கொண்டு நிறுத்துவது அவருக்குப் பங்கு தரும் உணவகத்தில். சாலட், தஜின் (மண்சட்டியில் வேகவைத்த குழம்பு), பழம் சேர்த்து ஒரு செட் 100, 120 திர்ஹாம். இரண்டு கடை தள்ளி அதே கோழி தஜின் தனியாக அதைவிடக் கணிசமாகக் குறைவு. அடிவாரத்தில் பூவும் விரிப்பும் வைத்து அலங்கரித்த சின்னப் படகுகள் அருவிச் சாரல்வரை கொண்டு போகும். அது வேண்டுமானால் போகலாம், ஏறும் முன் "ஆளுக்கா, படகுக்கா" என்று மட்டும் கேட்டுவிடுங்கள். குரங்குக்குக் கடலை வாங்கச் சொல்வார்கள். அவை பார்பரி மக்காக், அழியும் ஆபத்தில் உள்ள இனம். கடலைப் பொட்டலத்தைக் கையில் பார்த்தால் பையையும் சேர்த்துப் பிடுங்கும்.

அயித் பென்ஹத்து விஷயத்தில் கொள்ளை போவது நேரம். 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள மண்கோட்டை. மராகேஷிலிருந்து சுமார் 180 கி.மீ. கேட்கும்போது குறைவாகத் தெரியும். நடுவில் 2,260 மீட்டர் உயரத்தில் திஸி ந்'திஷ்கா கணவாய், முழுக்க வளைவு. ஒரு வழிக்கு நான்கு மணி நேரம். பன்னிரண்டு மணி நேரப் பயணத்தில் எட்டு மணி நேரம் வேனுக்குள். பக்கத்து ஊரான வர்சசாத்தின் சினிமா ஸ்டூடியோ வாசலில் கொஞ்சம், சாப்பாட்டில் ஒரு மணி நேரம். கோட்டைக்கு மிஞ்சுவது ஒரு மணி சொச்சம். வாந்தி வருகிறவர்கள் கிளம்பும் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், முன் சீட் கேளுங்கள். குளிர்காலத்தில் பனி விழுந்தால் கணவாயில் தடுப்பை இறக்கிவிடுவார்கள். அப்போது பணம் திரும்ப வருமா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கோட்டை ஊருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. சில வாசல்களில் ஒருவர் உட்கார்ந்து 10, 20 கேட்பார். அது அவர் வீட்டு வழியாக நுழைவதற்கான காசு. நடைபாலத்தைக் கடந்து பொது வழியில் ஏறினால் யாரும் கேட்க முடியாது. கணவாய் ஓரத்தில் விற்கும் பளபள ஊதா, சிவப்புக் கற்களைப் பற்றி ஒரே வரி: சாயம். ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள், கடைக்காரர் கல்லைத் திரும்ப வாங்கிக்கொள்வார்.

எஸ்ஸாவிரா சாலையில் ஆடுகள். ஆர்கன் மரத்தில் ஆடு ஏறுவது உண்மைதான். பழம் பழுக்கும் கோடைக் காலத்தில் தானாகவே ஏறித் தின்னும். ஆனால் வேன் நிற்கும் மரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மரத்தில் இலையே இருக்காது, தின்னப் பழமும் இருக்காது. கிளைகளுக்கு நடுவே பலகைத் துண்டு செருகியிருக்கும். பத்துப் பன்னிரண்டு ஆடுகள் பலகைக்கு ஒன்றாக, வாய்கூட அசையாமல் நிற்கும். சிலவற்றின் காலில் கயிறு தெரியும். காலையில் தூக்கி வைத்தவை, வெயிலில் அப்படியே நிற்கின்றன. நீங்கள் போனை எடுத்ததும் ஒரு குட்டியை உங்கள் கையில் திணித்து 20 கேட்பார்கள். காசு கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். ஓட்டுநரிடம் நிறுத்த வேண்டாம் என்று சொல்லிப் பார்ப்பது நல்லது.

அடுத்த நிறுத்தம் ஆர்கன் எண்ணெய் விற்கும் "பெண்கள் கூட்டுறவு". வாசலில் நாலைந்து பெண்கள் கல்லால் கொட்டை உடைத்துக்கொண்டிருப்பார்கள், உள்ளே விற்பனை கவுண்டர். உண்மையான கூட்டுறவுகள் நிறைய உண்டு; ஆனால் வேன் நிற்பது கமிஷன் தருகிற இடத்தில். சமையல் ஆர்கன் எண்ணெய் வறுத்த கொட்டையிலிருந்து வருவது, நிறம் அடர்த்தி, வறுகடலை மாதிரி வாசம் தூக்கலாக இருக்கும். தோலுக்குப் போடுவது வறுக்காதது, வெளிர் நிறம், வாசம் மிக லேசு. ரோஜா வாசமோ மல்லிகை வாசமோ அடித்தால் வேறு எதையோ கலந்திருக்கிறார்கள். லேபிளில் பிழிந்த தேதியும் புவிசார் குறியீடும் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில்லாத பிளாஸ்டிக் பாட்டில் வேண்டவே வேண்டாம்.

எஸ்ஸாவிராவுக்கு வேனே தேவையில்லை என்பது எங்கள் கருத்து. சுப்ரதூர், சி.டி.எம். பேருந்துகள் மூன்று மணி நேரத்தில் நேராகக் கொண்டு போய் விடும். முதல் நாளே டிக்கெட் எடுங்கள், திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்து எடுங்கள். சாயங்கால வண்டி நிரம்பிவிட்டால் வெளியே நிற்கும் டாக்சிக்காரர் சொல்வதுதான் விலை.

"ஒரே நாளில் சஹாரா" சுத்தப் புளுகு. படத்தில் காட்டும் ஆரஞ்சு மணல்மேடுகள் மெர்சூகா அருகே எர்க் ஷெப்பியில், 550 கி.மீ.க்கு மேல், போகவே ஒன்பது, பத்து மணி நேரம். உங்களைக் கொண்டு போவது 30, 40 கி.மீ. தள்ளியுள்ள அகாஃபே. அது கல்லும் சரளையுமான பொட்டல், ஒரு மணல்மேடுகூடக் கிடையாது. அந்தி வெளிச்சத்தில் அழகான இடம்தான், அகாஃபே என்று தெரிந்தே போனால் குறையில்லை. அங்கே குவாட் பைக் எடுப்பதாக இருந்தால் ஏறுமுன் நாலு பக்கமும் வீடியோ எடுங்கள். பழைய கீறலுக்கு உங்களிடம் காசு கேட்பது பழக்கமான வித்தை. பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள். ஒட்டகத்தில் ஏற ஒரு விலை, இறங்க ஒரு விலை ஆகிவிடாமல் நிமிடக் கணக்கோடு பேசுங்கள்.

ஊரிகாவில் செத்தி ஃபாத்மா ஏழு அருவிகளில் வேனில் வருபவர் பார்ப்பது பெரும்பாலும் முதல் அருவி மட்டும். வழியெல்லாம் ஆற்றுக்குள்ளேயே நாற்காலி போட்ட உணவகங்கள். ஜில்லென்று இருக்கும், ஆனால் கோடையில் மதியத்துக்கு மேல் மலையில் இடி கேட்டால் தட்டை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். 1995 ஆகஸ்டில் இந்த ஆற்றில் வந்த திடீர் வெள்ளம் நூற்றுக்கணக்கான உயிரைக் கொண்டு போனது.

தூப்கால் மலையடிவாரத்து இம்லில் (1,740 மீட்டர்) ஊரைச் சுற்றி நடக்க யார் துணையும் வேண்டாம். தூப்கால் சிகரம் (4,167 மீட்டர்) வேறு கதை: 2018க்குப் பிறகு உரிமம் பெற்ற மலைக் கைடு கட்டாயம், சோதனைச் சாவடியில் பாஸ்போர்ட்டும் பார்ப்பார்கள். சுற்றுலா அமைச்சகம் கொடுத்த, படம் ஒட்டிய அட்டை கழுத்தில் இல்லாதவர் கைடு அல்ல. தூப்காலை ஒரே நாளில் ஏற்றி இறக்குகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். 2,400 மீட்டர் ஏற்றம் அது.

நாலைந்து பேர் சேர்ந்தால் வேனை விட கிராண்ட் டாக்சி மேல். ஆறு பேர் ஏறும் வண்டி. சீட் கணக்கிலும் முழு வண்டியாகவும் கிடைக்கும். எண்ணைத் தாளில் எழுதிக் காட்டி மூன்று விஷயம் பேசுங்கள்: இது முழு வண்டிக்கா, போக வரவா, காத்திருக்கும் நேரம் சேர்த்தா. இல்லாவிட்டால் காலையில் சொன்ன "700" சாயங்காலம் "ஆளுக்கு 700" ஆகிவிடும். டீசல் போட முன்பணம் கேட்டால் கொடுக்கலாம், மொத்தத்தில் கழித்து; முழுப் பணம் மராகேஷ் திரும்பி இறங்கிய பிறகுதான். சில பெரியவர்கள் பழைய கணக்கான ரியாலில் விலை சொல்வார்கள், 20 ரியால் ஒரு திர்ஹாம். அவர் "நூறு" என்றது ஐந்து திர்ஹாமாகவும் இருக்கலாம்; திருத்தாமல் நூறையும் வாங்கிக்கொள்பவர்களும் உண்டு. தனியார் காரில் ஏற்றி "போலீஸ் கேட்டால் நண்பர்கள் என்று சொல்லுங்கள்" என்று யாராவது சொன்னால் அங்கேயே இறங்கிவிடுங்கள். அந்த வண்டிக்கு ஆள் ஏற்ற அனுமதி இல்லை, விபத்து நடந்தால் காப்பீடும் உங்களுக்கு வராது.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு: செட் சாப்பாட்டில் "காய்கறி கூஸ்கூஸ்" (ஆவியில் வேகவைத்த ரவை) என்று வருவது பல இடங்களில் ஆட்டிறைச்சிக் குழம்பின் ஆவியில் வெந்தது, மேலே இருந்த கறியை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். "ப்லா ல்ஹம்" (கறி இல்லாமல்) என்றால் போதாது, குழம்பிலும் கறி போடவில்லையா என்று கேளுங்கள். நம்பிக்கை வரவில்லையா, பெர்பர் ஆம்லெட்டோ ரொட்டியும் ஆலிவும் பருப்புச் சூப்புமோ கேளுங்கள். முட்டையும் ஆகாதவர்கள் வேனில் ஏறும் முன்பே பழமும் ரொட்டியும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

வழியில் இறக்கி விட்டுவிட்டாலோ மிரட்டினாலோ, நகருக்கு வெளியே ஜாந்தார்மரி (கிராமப்புறப் போலீஸ்) எண் 177, நகருக்குள் போலீஸ் 19. சதுக்கத்தில் சுற்றுலாப் போலீஸ் இருக்கிறது. அவர்களிடம் காட்ட அந்த வாட்ஸ்அப் செய்தியும் நம்பர் பிளேட் படமும் கையில் இருக்க வேண்டும்.